குஞ்சோடு நிற்கும் விராலை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "தூண்டிலில் சிக்கிய ராட்சத விரால்" என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் ஓர் இளைஞர் மீனை இரு கைகளாலும் ஏந்தி நிற்கிறார். பின்னால் தாமரை இலைகள். மீனின் வாயோரத்தில் தூண்டில் இரையாகப் போட்ட பச்சை நிற ரப்பர் தவளை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே அவர் சொன்னதாக இரண்டு வரிகள்: தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் செக்கச் செவேலென்று ஏதோ கொதித்துக்கொண்டிருந்ததாம்; அதைக் குறிவைத்து வீசினாராம்; முதல் வீச்சிலேயே மீன் அடித்துவிட்டதாம்.

அந்த "ஏதோ" என்னவென்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது விரால் குஞ்சுக் கூட்டம். படத்தில் இருப்பது அந்தக் குஞ்சுகளுக்குக் காவல் நின்ற தாய் அல்லது தகப்பன். வீரச் செயலைப் போல நீங்கள் வெளியிட்டது அந்தக் காவலைக் கலைத்த கதையைத்தான்.

கோட்டாறு கடைத்தெருவில் வலை, நரம்பு என்று நாங்கள் சொல்லும் தூண்டில் இழை, தூண்டில் முள், ஈயக்குண்டு விற்கும் கடை என்னுடையது. அப்பா தொடங்கியது. அந்தப் பச்சைத் தவளை என் கடையிலும் கிடைக்கும். படத்தில் தொங்குவதே என்னிடம் வாங்கியதாக இருக்கலாம். ஆகவே மீன் பிடிக்கிறவர்கள் மீது எனக்கு ஏதோ பகை என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் பிடித்தால்தான் என் வீட்டில் அடுப்பெரியும்.

முன்பெல்லாம் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடற்கரை ஊர்க்காரர்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் சுறாவுக்கு என்று பெரிய முள்ளாகப் பார்த்து வாங்குவார்கள். குளத்து ஆட்கள் வாங்குவது சின்ன முள் ஒரு பொட்டலம், கொஞ்சம் நரம்பு, அவ்வளவுதான். மூங்கில் கழி வீட்டில் இருக்கும், மண்புழு வாழைக்கு அடியில் இருக்கும், தக்கைக்கு மயிலிறகின் தண்டை நறுக்கிக்கொள்வார்கள். ஒரு பொட்டலம் முள் ஓர் ஆண்டுக்கு வரும் என்பதால் அவர்களால் எங்களுக்குப் பெரிய லாபம் இருந்ததில்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இது தலைகீழாகிவிட்டது. ரீல் பொருத்திய கோல், பின்னல் நரம்பு, கரண்டிபோல் மின்னும் தகடு, ரப்பர் மீன், ரப்பர் தவளை என்று கேட்டு வரும் இளைஞர்களால்தான் இன்று கடை ஓடுகிறது. பொறியியல் படித்தவர்கள், செவிலியர் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். அதிகாலையில் தேரூர், பறக்கை, வேம்பனூர் என்று குளம் குளமாகச் சுற்றுகிறார்கள். சாயங்காலம் மணக்குடி காயல், அல்லது முட்டம் பாறை. (முட்டம் பாறையில் ஆனி, ஆடி மாதங்களில் நிற்பது உயிரோடு விளையாடுவது. கடற்கரையிலேயே பிறந்தவர்கள் அந்த மாதங்களில் அங்கே நிற்பதில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.) நல்ல பொழுதுபோக்கு. குடிக்கப் போகிற நேரத்தைக் குளக்கரையில் கழிக்கிறார்கள் என்று அவர்களின் அம்மாக்களே என்னிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு குறை. அது விரால் பற்றியது.

விரால், கெண்டையைப் போல முட்டையை உதிர்த்துவிட்டுத் தன் வழியே போகிற மீன் இல்லை. மழை பெய்து குளத்தில் புதுத் தண்ணீர் ஏறியதும் ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கரையோரத்துக்கு வரும். ஆழம் குறைந்த இடத்தில் கோரையையும் பாசியையும் ஒதுக்கி வட்டமாக ஓரிடம் செய்துகொள்ளும். முட்டை மஞ்சளாக மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் சீக்கிரமே செந்நிறமாகிக் கூட்டமாக நீந்தத் தொடங்கும். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் அல்லவா, குஞ்சுகளும் மேலே வந்து வந்து போகும். காற்றே இல்லாத காலையில் அந்த ஒரு முழ இடம் மட்டும் தூறல் விழுவதுபோலப் பொரிந்துகொண்டிருக்கும். இளைஞர் "கொதித்தது" என்று சொன்னது இதைத்தான்.

பெற்றவை அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். குஞ்சுக் கூட்டம் எங்கே நகர்கிறதோ அங்கே அவையும் நகரும். மூன்று நான்கு வாரம் இப்படி. குஞ்சின் சிவப்பு மங்கிக் கறுத்து, விரல் நீளத்துக்கு வளரும்வரை காவல் தொடரும். அந்த நாட்களில் விராலுக்கு இரை மேல் அவ்வளவு நாட்டம் இராது. ஆனால் குஞ்சின் பக்கம் தவளை வந்தாலும், தண்ணீர்ப் பாம்பு வந்தாலும், சும்மா ஒரு குச்சி மிதந்து வந்தாலும் பாய்ந்து அடிக்கும். சில வேளை தண்ணீரில் இறங்கியவரின் காலையும் மோதும்.

இந்தப் பாய்ச்சலைத்தான் நம் வீரர்கள் நம்பியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு அப்பால் தவளையை வீசி, அதன் நடுவே இழுத்து வருகிறார்கள். முதல் தடவை இல்லாவிட்டால் இரண்டாம் தடவை நிச்சயம் அடி விழும். ரப்பர் தவளையின் இரட்டை முள் மேல் நோக்கி, உடம்போடு ஒட்டி இருப்பதால் தாமரை இலையிலும் கோரையிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளிப்படும். முன்பு மூங்கில் கழிக்கு எட்டாத இடத்தில் நின்று தப்பித்த மீனை இன்று ரீல் எட்டிவிடுகிறது.

பசியே இல்லாத மீனை, பிள்ளைப் பாசத்தைக் காட்டி இழுப்பதில் திறமை என்று மெச்ச என்ன இருக்கிறது? இலைகளுக்கு நடுவே எழும் ஒரு குமிழியை வைத்தே மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணித்து, காலை முழுவதும் பொறுமையாக வீசி ஒரு விராலைத் தூக்குகிறவன் இருக்கிறானே, அவன் தூண்டில்காரன். அவனைக் கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு.

பெற்றதைத் தூக்கிய பிறகு குளத்தில் நடப்பது சீக்கிரத்தில் முடிந்துவிடும். முதலில் வருவது ஜிலேபி மீன். பிறகு குறவை, கெளுத்தி. மேலேயிருந்து நீர்க்காகம். செந்நிறமாகத் திரண்டிருப்பது அவற்றுக்கு வசதி, தேட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் இருந்த கூட்டம் மறுநாள் அதே இடத்தில் இருக்காது. ஜோடியில் ஒன்று போனாலும் மற்றது நின்று காக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். காக்கலாம். ஆனால் முதல் மீனைத் தூக்கிய கையோடு இரண்டாவதற்கும் வீசுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் யாரும் இதைச் செய்யவில்லை என்று கதை விட மாட்டேன். உயிர்த்தவளையை முள்ளில் கோத்து, குஞ்சு நிற்கும் இடத்தில் மெல்லத் தட்டித் தட்டிப் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஊருக்கு ஓரிருவர். ஒருவர் கண்ட குஞ்சுக் கூட்டம் அவரோடு போகும். இன்று ஒருவர் கண்டால் அரைமணி நேரத்தில் எந்தக் குளம், எந்த மடை, எந்தப் படித்துறை என்பது படத்தோடு நூறு பேரின் கைபேசிக்குப் போய்விடுகிறது. மறுநாள் விடியுமுன் ஐந்தாறு பைக்குகள் கரையில் நிற்கின்றன.

கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் இதைப் பேசாமல் இல்லை. "அண்ணாச்சி, நாங்கள் கொன்று தின்கிறோமா என்ன? படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோமே" என்பார்கள். நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. விரால் காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் கரையில் சற்று நேரம் கிடந்தாலும் சாகாது என்பதும் உண்மை. ஆனால் இழுத்துக் கரை சேர்த்து, முள்ளைக் கழற்றி, எடை பார்த்து, ஒவ்வொருவராக ஏந்திப் படம் எடுத்து முடிப்பதற்குள் அங்கே ஜிலேபி தன் வேலையைப் பார்த்துவிடும் தம்பி, என்பேன். சிலர் யோசிப்பார்கள். சிலர் "அடுத்த கடையில் தவளை பத்து ரூபாய் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

குத்தகைக்காரர்களின் வாதம் வேறு. அவர்கள் குளத்தை ஏலம் எடுத்து கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். விரால் அந்தக் குஞ்சுகளைத் தின்னும். ஆகவே யார் வந்து விராலைப் பிடித்துக்கொண்டு போனாலும் அவர்களுக்குச் சந்தோஷம். மீன் வளர்க்கும் சிறு குட்டைகளில் குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கைப் போட்டு விராலையும் கெளுத்தியையும் ஒழித்துக்கட்டுவது பழைய வழக்கம்தானே. அவர்கள் பணம் போட்டிருக்கிறார்கள், அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வலையில் பாதி நிறைவது எது? ஜிலேபிதானே? 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன் அது. குஞ்சை வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும், ஆண்டு முழுவதும் பெருகும், கட்லாவுக்குப் போக வேண்டிய தீனியைத் தின்றுவிட்டுக் கையகலத்துக்கு மேல் வளராமல் நிற்கும். அதன் குஞ்சை அடித்துத் தின்று கட்டுக்குள் வைக்கிற மீன் குளத்தில் விராலை விட்டால் வேறு எது இருக்கிறது? சந்தையிலும் கட்லாவை விட விராலுக்குத்தான் பல மடங்கு விலை. காசு கொடுத்து வாங்கிவிட்ட குஞ்சுக்காக, காசில்லாமல் வளர்கிற விலை உயர்ந்த மீனை ஒழிப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இனி கடலைப் பாருங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று சொல்லி விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடை விதிக்கிறோம். 2001இல் 45 நாட்களாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாட்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அடைபடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைக் கட்டிப்போட்டுவிட்டு இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை எனக்கு நேரில் தெரியும். என் கடைக் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர் அந்த மாதங்களில் நீளும். பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவன் இரண்டு மாதம் பொறுக்கிறான். பொழுதுபோக்குக்குக் குளத்துக்குப் போகிறவன் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாமா?

நமக்குக் குளத்து மழை இரண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைக் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்குத் திறந்துவிட்டு, தென்மேற்கு மழையும் சேரும்போது ஒரு முறை. இரண்டாம் போகமான கும்பப்பூ நட்ட பிறகு ஐப்பசி மழையில் இன்னொரு முறை. செந்நிறக் குஞ்சுகளைக் குளங்களில் அதிகம் காண்பது இந்த இரண்டு காலத்தில்தான். பக்கத்து மாநிலத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1956 வரை நாமும் அவர்களும் ஒரே அரசின் கீழ் இருந்தவர்கள்தான். புதுமழையில் முட்டையிட வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏறி வரும் மீன்களை அடித்துப் பிடிக்கும் "ஊத்தா" பிடித்தலைக் கேரளம் 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் வழியாகத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டது. அங்கேயும் அது தலைமுறை தலைமுறையாக வந்த கொண்டாட்டம்தான். எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் குற்றம், இந்தப் பக்கம் வந்தால் நாளிதழில் படமா?

காயலுக்கும் இது பொருந்தும். மணக்குடியில் சுனாமி அடித்துச் சென்ற பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய பாலத்தின் அருகே, பழையாறு கடலில் விழும் பொழிமுகத்தில், கொடுவா மீனுக்கு என்று இரவெல்லாம் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஐந்தாறு கிலோவைத் தாண்டியவை அநேகமாக எல்லாமே பெண். பொழி என்னும் மணல்திட்டு உடைந்து கடலும் காயலும் கலக்கும் நாட்களில் அவை முகத்துவாரத்துக்கு வருவது முட்டையிடத்தான். அந்த நாட்களில் பத்துக் கிலோ மீனைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர் எதைத் தூக்குகிறார் என்று அறிந்து தூக்கட்டும். இரண்டு மூன்று கிலோக் கொடுவாதான் குழம்புக்கும் ருசி. பெரியது நார் நாராக இருக்கும். இதை நான் சொன்னால் வியாபாரி பேச்சு என்பார்கள், வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பயம் என்னவென்றால், இதையெல்லாம் எழுதினால் அதிகாரிகள் எளிய வழியைப் பிடித்துக்கொள்வார்கள். "இக்குளத்தில் மீன் பிடிக்கத் தடை" என்று தகரத்தில் எழுதி எல்லாக் கரையிலும் நட்டுவிடுவார்கள். சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அங்கே கூழைக்கடாவும் நாரையும் வருகின்றன, அவற்றின் காலில் நரம்பு சுற்றுகிறது என்பதெல்லாம் நிஜம். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வருகிறவனைக் கூப்பிட்டு அபராதம் போட்டால் நான் கைதட்டுவேன். ஆனால் முழுத்தடை என்று வந்தால் அகப்படப்போவது யார்? மைதா உருண்டையும் மூங்கில் கழியுமாக மடை ஓரத்தில் உட்கார்ந்து மதியக் குழம்புக்கு நாலு ஜிலேபி பிடிக்கும் கிழவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்தான். ஜிலேபி பிடிப்பவனைத் தடுப்பதற்குப் பதில் அவனுக்கு முள்ளை இலவசமாகக் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாய்க் கோல் வைத்திருப்பவன் பைக்கில் அடுத்த குளத்துக்குப் போய்விடுவான்.

நான் கேட்பது சின்ன விஷயம். குளத்து மீன் குத்தகை பசலி என்னும் வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கில் ஜூலை 1 தொடங்குகிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: குஞ்சோடு நிற்கும் விராலை வலையாலோ தூண்டிலாலோ பிடிக்கக் கூடாது, பிடிக்க அனுமதிக்கவும் கூடாது. இதற்கென்று புதிதாக ஆள் போட வேண்டியதில்லை. குத்தகைக்காரரின் காவலாள் ஏற்கெனவே கரையில் இருக்கிறார். யார் எங்கே வீசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? மீன்வளத் துறையின் பங்குக்கு, சிவப்பாகக் குஞ்சு திரண்டிருக்கும் படம் ஒன்றை அச்சடித்து மடைக்கு மடை ஒட்டலாம். எங்களைப் போன்ற கடைகளுக்கும் கொடுக்கலாம். பாதிப் பேர் தெரியாமல் செய்கிறார்கள் என்பது என் அனுமானம். உங்கள் படத்து இளைஞரும் அப்படித்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் "ஏதோ" என்று நிருபரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார். அவரை யாரும் இதற்காகத் திட்ட வேண்டாம்.

நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். ராட்சத மீன் படம் வந்தால் போடுங்கள், நாங்களும் ஆவலோடுதான் பார்ப்போம். எந்த மாதம், எந்த இடத்தில், குஞ்சு இருந்ததா என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்கள் படம் வந்த மறுநாள் என் கடையில் பச்சைத் தவளை தீர்ந்துபோனது. உங்கள் நாளிதழ் எவ்வளவு பேரைச் சென்றடைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புதுச் சரக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு தவளையோடும் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கொடுக்கிறேன்: "சிவப்புக் குஞ்சு கண்டால் வீசாதே." பின்னால் விலைப்பட்டியல் இருப்பதால் யாரும் கிழித்துப் போடுவதில்லை. இதில் எனக்கு மாறான கருத்து உள்ள தூண்டில்காரர்களும் குத்தகைக்காரர்களும் கடைக்கு வந்து தாராளமாகச் சண்டை போடலாம். ஞாயிறு காலை மட்டும் நானும் ஏதாவது ஒரு குளக்கரையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
வலை, தூண்டில் கடைக்காரர் ஒருவர்,
கோட்டாறு, நாகர்கோவில்.